ஸ்பொறன் என்னும் இடைப்பை

ஸ்கொத்லாந்து மலைநாட்டார் உடுக்கும் கில்ற் என்னும் மடிப்பாடையிற் பை எதுவும் தைக்கப்படுவதில்லை. காசும் திறவுகோலும் வைத்தற்கு இடம் வேண்டுமல்லவா? அதற்காகவே இடையிற் சங்கிலியாலோ தோல்வாராலோ கட்டி முன்புறத்தே தொங்கவிடும் பையொன்றை அவர்கள் கொண்டனர். அதன் பெயர் ஸ்பொறன். கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள். நம் பாட்டிமார் மடியிற் செருகிய கொட்டைப்பெட்டிக்கு இஃது ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு எனலாம். ஆயின் பாட்டிமார் மறைத்து வைத்ததை மலைநாட்டார் ஊரறியத் தொங்கவிட்டனர்.

இப்பை இன்று இணையச் சந்தையில் பழம்பொருளாகப் பெருவாரியாக விலைப்படுகின்றது. புதிதாகக் கையால் தைத்த நல்ல ஸ்பொறன் ஒன்று நூற்றுக்கணக்கான பவுண் விலையாகும். ஆதலின் வாத்தியக் குழுவிற் சேரும் இளைஞனும், மணக்கோலம் பூணும் மாப்பிள்ளையும் ஒருவர் வைத்திருந்து விற்கும் பையையே நாடுகின்றனர். இங்கேதான் சங்கடம். இணையத்தில் வாங்குவோன் கண்ணால் மாத்திரம் வாங்குகின்றான். கையும் மூக்கும் வேலையிழந்து நிற்கின்றன. தோற்பொருளைத் தொடாமலும் முகராமலும் மதிப்பிடுதல் எளிதன்று. எனினும் பொருள் தன் வரலாற்றைத் தன் மேனியிலேயே எழுதி வைத்திருக்கின்றது. அதனைப் படிக்குமாறு எவ்வாறு என்பதையே இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

முதலிற் காலத்தைப் பார்ப்போம். 1745இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பின், 1746இல் மலைநாட்டு உடையைப் பிரித்தானிய அரசு சட்டத்தால் தடைசெய்தது. படைவீரர்க்கு மாத்திரம் விலக்கு உண்டு. 1782இல் அத்தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, நாவலாசிரியர் வால்ற்றர் ஸ்கொத் வரவேற்புக்கு வேண்டிய கோலங்களையெல்லாம் வகுத்தார்; அன்று தொட்டு கில்ற் உடையும் அதன் அணிகளும் நாகரிகமாயின. நீண்ட குதிரைமயிர்ப் பைகள் விக்டோரியா அரசியார் காலத்தில் மிகுந்தன. ஆகவே, பளபளக்கும் உலோக விளிம்பும் நீண்ட குஞ்சமும் உடைய பையொன்றைக் காட்டி, “கிளர்ச்சிக் காலத்தது, வீரன் ஒருவன் அணிந்தது” என ஒருவர் விளம்பரம் செய்வாராயின், அவருடைய கற்பனைக்கு நாம் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பகலில் அணிவது வெறுந்தோற் பை. மாலை விருந்துக்கு அணிவது மென்மயிர்த் தோலும், கன்ரில் எனப்படும் உலோக மேல்விளிம்பும் உடையது. படைவீரர்க்கும் துருத்திக்குழல் வாசிப்போர்க்கும் உரியது குதிரைமயிர்ப் பை.

தோற் பையாயின் முன்புறப் படத்தைக் கண்டு மயங்கலாகாது. பின்புறத்தையும் உட்புறத்தையும் காட்டும் படங்களைக் கேட்டல் வேண்டும். நல்ல தொழிலாளி காணாத இடத்திலும் நேராகத் தைத்திருப்பான். தையல் ஓரத்தில் அறுந்து தொங்குகிறதா, பக்கமடிப்பு வெடித்திருக்கிறதா, வார் நுழையும் வளையம் தோலைக் கிழித்திருக்கிறதா என்பன பின்புறத்திலேயே தெரியும். தோல் வெடித்த இடத்தில் நார்நாராகத் தெரிந்தால் அது தோல்; துணிபோன்ற பின்னல் தெரிந்தால் மேலே பூசியது பிளாஸ்ரிக். விக்டோரியா காலத்துத் தோலில் இன்னொரு நோய் உண்டு. மேற்பரப்பு செம்பொடியாக உதிர்ந்து கைகளிலும் உடையிலும் ஒட்டும். இந்நோய் வந்த தோலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் இயலாது. மேலும் உதிராமற் கட்டுப்படுத்தலாம், அவ்வளவே. அத்தகைய பை கண்ணாடிப் பேழைக்கு ஆகும், இடுப்புக்கு ஆகாது.

மயிர்ப் பையில் மயிரை விரலால் வகிர்ந்து அடியைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்கலாம். அடியிலே தோல் தெரிந்தால் விலங்கின் மயிர். நெய்த துணி தெரிந்தால் ஆலையிற் செய்தது. ஆயின் மெய்யான தோல் என்றறிந்து மகிழ்வோர்க்கு மற்றொரு கேள்வி காத்திருக்கின்றது: எவ்விலங்கின் தோல்? முன்னாளிற் கடல்நாய்த் தோலே சிறந்ததெனப் பெயர்பெற்றிருந்தது. அமெரிக்கா கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டத்தை 1972இல் இயற்றியது. கடல்நாய்த் தோற் பையை அங்கே அஞ்சலில் வருவித்தால் சுங்கத்தார் பறிமுதல் செய்யலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கடல்நாய்ப் பொருள்களின் வணிகத்தைத் தடைசெய்தது; இனுவிட் குடிகளின் மரபுவழி வேட்டைக்கு விலக்களித்தது. ஸ்கொத்லாந்திலும் நீர்நாய் போன்ற காக்கப்பட்ட விலங்கின் தோலை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் உரிமச் சீட்டு வரை செல்லக்கூடிய விஷயமாயிற்று. விற்பவர் “அசல் உரோமம்” என்று மாத்திரம் எழுதி விலங்கின் பெயரை விழுங்குவாராயின், வாங்குவோன் பணத்தையும் பொருளையும் ஒருங்கே இழக்க நேரும்.

இனி உலோகத்துக்கு வருவோம். இங்கேதான் சிறு குறிகள் பெருங்கதை சொல்கின்றன. வெள்ளி நிறமெல்லாம் வெள்ளியன்று. நிக்கல் கலந்த உலோகத்தில் வெள்ளி முலாம் பூசியதை ஈ.பி.என்.எஸ். என்னும் நான்கு எழுத்துக்களாற் குறிப்பர். முலாம் தேய்ந்த மூலைகளில் மஞ்சளோ சாம்பலோ தலைகாட்டும். மெய்யான வெள்ளியில் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உண்டு. அதனைச் சோதித்த நிலையத்தின் முத்திரையும் பதிந்திருக்கும். எடின்பரோவுக்குக் கோட்டை, பேர்மிங்காமுக்கு நங்கூரம், இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை. எடின்பரோவில் 1759 முதல் முட்பூவும், 1975 முதல் பின்காலில் எழுந்து நிற்கும் சிங்கமும் வெள்ளியின் தரத்தைக் குறித்தன. கோட்டையோடு முட்பூ இருந்தால் அப்பொருள் 1975க்கு முற்பட்டது என்று மாணாக்கரும் சொல்லிவிடலாம். ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருந்தால் அட்டவணையைப் பார்த்து ஆண்டையே கூறலாம். நங்கூரம் கண்டதும் போலியெனத் தள்ளுதலும் பிழை. ஸ்கொத்லாந்துக் கடைகள் விற்ற பொருள்கள் பல பேர்மிங்காமிற் செய்யப்பட்டவை. ஒன்றை மாத்திரம் மறவற்க: கன்ரில் வெள்ளி என்பதால் அதன் கீழுள்ள பையும் அதே காலத்தது ஆகாது. தேய்ந்த பையைக் களைந்து விளிம்பைப் புதுப் பையில் ஏற்றுதல் வழக்கம். உட்புறத்துத் திருகாணிகளும் பயன்படாத பழந்துளைகளும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

படைவீரர் பைகளில் குஞ்சமே முகவரி. வெண்மயிரில் ஐந்து கருங்குஞ்சம் பிளாக் வொச் படைக்குரியது; கருமயிரில் இரண்டு வெண்குஞ்சம் கமறன் படைக்குரியது; ஆர்கைல் படையின் சாதாரண வீரர்க்கு ஆறு சிறு வெண்குஞ்சம். ஆர்கைல் அதிகாரிகள் பட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் தலையையே பையின் மூடியாகக் கொண்டனர். அதனை அழகென்பார்க்கு நாம் மறுமொழி சொல்ல வரவில்லை. குஞ்சத்தை யாரும் கட்டலாம். ஆதலால் உள்ளே அரசாங்கப் பொருளுக்கு இடும் அகன்ற அம்புக்குறி, ஆண்டு, வீரனின் இலக்கம் முதலியன உண்டா எனப் பார்ப்பது நன்று.

பிறப்பிடம் பற்றிய பேச்சில் சியால்கோட் என்னும் பாக்கிஸ்தான் நகரின் பெயர் அடிக்கடி ஏளனத்துடன் எழுகின்றது. உதைபந்துக்கும் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் உலகப் புகழ்பெற்ற அந்நகரிலே துருத்திக்குழலும் கில்ற் உடைக்குரிய அணிகளும் ஏராளமாகச் செய்யப்படுகின்றன. அங்கே செய்ததென்பது குற்றமன்று. நாற்பது பவுணுக்கு விற்கும் பையில் நானூறு பவுண் வேலைப்பாட்டை எதிர்பார்ப்பதே தவறு. குற்றம் எங்கேயெனில், அப்பையை வாங்கிச் சீட்டைக் கிழித்துவிட்டு, “பாட்டனார் அணிந்த ஸ்கொத்லாந்துப் பை” என்று விற்பவரிடத்தே இருக்கின்றது. தைத்த கைகளுக்குக் கிடைத்தது சொற்பம். பொய்க்குக் கிடைப்பதோ கொழுத்த இலாபம். “ஸ்கொத்லாந்துப் பாணி” எனும் தொடருக்கும் “ஸ்கொத்லாந்திற் செய்தது” எனும் தொடருக்கும் இடையிலுள்ள தூரம் எடின்பரோவிலிருந்து சியால்கோட் வரை என்பதை வாங்குவோர் உணர்தல் வேண்டும்.

மறுபுறமும் உண்டு. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டை ஒழிக்கும்போது, வெள்ளி விளிம்புடைய பையை முலாமென்றெண்ணி இருபது பவுணுக்கு இடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் கோட்டையும் முட்பூவும் கண்ட வாங்குவோன் வாய்மூடி வாங்கலாமா? சட்டம் அவனைத் தடுக்காது. வணிகர் பலர் இதனைச் சாமர்த்தியம் என்பர். பொய் சொல்லி விற்பவனைத் திருடனென்று ஏசும் நாவுக்கு, மௌனத்தால் வாங்குபவனைச் சாமர்த்தியசாலி எனப் போற்றும் உரிமை இல்லை என்பதே எமது கட்சி. ஒருவரிச் செய்தி அனுப்பி முத்திரையைச் சுட்டி, நியாயமான விலை பேசுதலே செய்யத்தக்கது.

பணம் செலுத்துமுன் அளவுகோலோடு எடுத்த படமும், சங்கிலியின் நீளமும், பொருள் ஒவ்வாவிடில் திருப்பியனுப்பலாமா என்ற விடையும் எழுத்திற் பெறவேண்டும். அஞ்சற் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் மலிவு மலிவன்றாகிவிடும். பை வந்து சேர்ந்ததும் உடனே அலுமாரியில் வையாது, மயிரின் அடியில் அந்துப்பூச்சியின் புழுவும் முட்டையும் உண்டா என வெயிலிற் பிரித்துப் பார்த்து, அகன்ற பற்சீப்பால் மெல்ல வாருக. கன்ரிலைத் துலக்குவோர் முத்திரையுள்ள இடத்தை மாத்திரம் தேய்க்காது விடுக.