இரண்டாம் பரிசோதனை தீர்ப்பன்று

கதவுத் துவாரத்தினூடாக விழும் கடிதத்தைக் கண்டு அஞ்சுவது எமக்குப் புதிதன்று. உள்துறை அமைச்சின் பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால், ஊரில் யாருக்கு என்ன நேர்ந்ததோ எனப் பதைத்தவர்கள் நாம். ஆகவே, "இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்யவேண்டும்" என்று இலண்டனில் எமது குடும்ப வைத்தியரிடமிருந்து அறிவித்தல் வந்தால், அதனை நோய்ச் செய்தியாகவே மனம் வாசித்துவிடுகின்றது.

அண்மையில் எமக்கும் அவ்வாறே நேர்ந்தது. இரத்தத்திலே பொட்டாசியத்தின் அளவு கூடியிருப்பதாகக் கூறி மறுபடி அழைத்தனர். இரத்தம் கொடுத்துவிட்டு நான்கு நாட்கள் காத்திருந்தோம். உறக்கமில்லை; உணவு இறங்கவில்லை. பரீட்சைப் பெறுபேறு வரும்வரை பொறுமையாயிருங்கள் என்று மாணவர்க்குப் போதித்த நாமே பொறுமையிழந்தோம். ஈற்றில் வந்த பெறுபேறு வழமையானதாகவே இருந்தது. இரத்தம் எடுக்கும்போதோ ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்லும்போதோ செங்குருதிக் கலங்கள் உடைந்தால், அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியேறி அளவைக் கூட்டிக் காட்டுமெனத் தாதி விளக்கினார்.

வேறு காரணங்களும் உள. ஆய்வுகூடங்கள் குறிக்கும் 'வழமையான அளவு' பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேரை உள்ளடக்கும்வண்ணம் வகுக்கப்படுகின்றது. எஞ்சிய ஐவர் நோயின்றியே எல்லைக்கு வெளியே நிற்பர். நீரிழிவையும், அறிகுறி எதுவும் இல்லாத ஒருவரிடம், ஒரேயொரு பரிசோதனையைக் கொண்டு வைத்தியர்கள் உறுதிசெய்வதில்லை. எனவே இரண்டாம் பரிசோதனை தீர்ப்பன்று. தவறான தீர்ப்பு நேராதிருப்பதற்கான காவல்.

எல்லாப் பெறுபேறும் நல்லதாகவே வரும் என நாம் கூறவில்லை. ஆனால் அச்சத்தினால் இரண்டாம் முறை போகாதிருப்பவர்களும் எம்மிடையே உளர். நோய் இருந்தால், அது நாம் அஞ்சி ஒளிவதனால் நின்றுவிடப் போவதில்லை. உடனே வரும்படி அழைத்தால் உடனே போகவேண்டும். வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

காத்திருப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நன்று. எதனைப் பரிசோதிக்கிறார்கள்? அளவு எவ்வளவு விலகியுள்ளது? பெறுபேறு எப்போது, எவ்வழியில் வரும்? விடை தெரிந்தால் கற்பனைக்கு இடம் குறையும். நம்பிக்கையான ஒருவரிடமேனும் மனந்திறந்து பேசுதலும் வேண்டும். "சனம் என்ன சொல்லும்" என்று மறைப்பது பதகளிப்பையே வளர்க்கும்.

இறுதியாக ஒன்று. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தாயின் பெறுபேற்றை வைத்தியர் சொல்லச் சொல்ல மொழிபெயர்த்தவள் பன்னிரண்டு வயது மகள். அடுத்த நாள் பாடசாலையில், "அம்மா செத்துப்போவாவோ?" என்று தமிழ்ச் சிறுமி ஒருத்தியிடம் கேட்டு அழுதிருக்கின்றாள். இந்நாட்டின் பொதுச் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். நேரம் குறிக்கும்போதே தமிழில் வேண்டுமெனக் கேட்டால் போதும். அதைக் கேட்பதில் வெட்கமில்லை. எமது அச்சத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுவதே தவறு.