புது வண்டி மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டுமா?

புது வண்டி எடுக்கப் போகிறவர்கள் ஷோரூமில் என்னென்ன பார்ப்பார்கள்? கலர், கீறல், டூல் கிட்... அப்புறம் கண் நேராக மீட்டருக்குப் போகும். 2, 3 என்று இருந்தால் சந்தோஷம். 25 என்று இருந்தால் முகம் மாறிவிடும். "யாரோ ஓட்டின வண்டியை நம்ம தலையில கட்டப் பாக்குறாங்க" என்று கூட வந்த மாமா ஆரம்பித்துவிடுவார். எலுமிச்சம்பழம் நசுங்குவதற்கு முன்பே சண்டை!

இந்தச் சந்தேகம் பாதி சரி, பாதி தப்பு. யாருமே ஓட்டிப் பார்க்காத வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது தப்பு. யார் ஓட்டினார்கள், எதற்கு ஓட்டினார்கள் என்று கேட்காமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் புது வண்டிகள் ஒன்றும் அதிசயம் இல்லை. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்துதான் வெளியே வந்தது. அசோக் லேலண்ட் அங்கே தொழிற்சாலை தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 2021-ல் ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளி பக்கத்திலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தார்கள். கார் வேண்டுமானால் ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் போக வேண்டும். ஆனால் எதைச் செய்தாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான். வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அசெம்பிளி லைனை விட்டு இறங்கியதும் வண்டி நேராக டீலருக்குப் போய்விடாது. சக்கரத்தை உருளைகள் மேல் நிறுத்திச் சுழல விடுவார்கள். பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா, ஹெட்லைட் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். கார் என்றால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து உள்ளே ஒழுகுகிறதா என்றும் பார்ப்பார்கள். இதெல்லாம் மெஷின் செய்யும் வேலை. ஆனால் ஹேண்டில் லேசாக ஒரு பக்கம் இழுப்பது, மேடு பள்ளத்தில் மட்டும் வரும் 'கடகட', பிரேக் அழுத்தும்போது காலில் தெரியும் அதிர்வு... இதற்கெல்லாம் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்து ரோட்டில் ஓட்டித்தான் ஆக வேண்டும். எலெக்ட்ரிக் வண்டியில் எஞ்சின் சத்தம் கிடையாது. அதனால் சின்னக் கிறீச் கூடக் காதில் விழும்.

அப்படி ஓட்டினால் மீட்டர் ஓடத்தானே செய்யும்?

இங்கே லாரிக்காரர்களைக் கவனியுங்கள். ஓசூரில் செய்த லாரி, பஸ் சேஸிஸ்கள் பாடி கட்டுவதற்காக நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கம் ரோட்டிலேயே ஓட்டிப் போகப்படுவது இந்த நெடுஞ்சாலையில் பல வருடங்களாகப் பார்த்த காட்சி. கூரை இல்லை, கதவு இல்லை. டிரைவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு எதிர்காற்றில் உட்கார்ந்திருப்பார். நாமக்கல் போய்ச் சேரும்போது மீட்டரில் சுமார் 200 கிலோமீட்டர் ஏறியிருக்கும். லாரி முதலாளி அதைப் பார்த்துப் பதறுவதில்லை. அந்த 200 எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ஸ்கூட்டர் வாங்குகிறவர் 20 கிலோமீட்டருக்கே பதறுகிறார். அது எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆக, பிரச்சனை கிலோமீட்டரில் இல்லை. சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1987-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் நடந்தது. கிரைஸ்லர் கம்பெனியின் மேலாளர்கள் புத்தம் புதுக் கார்களைத் தரப் பரிசோதனைக்காக ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அதுவரை தப்பில்லை. ஆனால் ஓடோமீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள்! சுமார் 60,000 கார்கள் இப்படி ஓடிவிட்டு, மீட்டரில் ஒன்றும் ஏறாமல் விற்பனைக்குப் போயின. சில கார்கள் விபத்தில் அடிபட்டு, சரிசெய்யப்பட்டு, புதுசு என்றே விற்கப்பட்டன. அரசாங்கம் வழக்குப் போட்டது. கம்பெனித் தலைவர் லீ அயகோக்கா அது முட்டாள்தனம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வாரண்டியையும் நீட்டித்தார். பூஜ்யம் காட்டும் மீட்டர் எவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அது வெளிநாடு என்று ஒதுக்க வேண்டாம். கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் கட்டினார். டீலர் கொடுத்ததோ 2009-ல் செய்த, 622 கிலோமீட்டர் ஓடிய கார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021-ல் தீர்ப்பு வந்தது. டீலர் செய்த தப்புக்கு, அது தெரியாத உற்பத்தியாளரான டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது, டீலர்தான் பொறுப்பு என்றது கோர்ட். சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது மீட்டரில் எவ்வளவு இருந்தது என்று அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. எந்தக் கட்டத்தில் தப்பு நடந்தது என்று அவர் எப்படி நிரூபிப்பார்?

பி.காம். படிக்கிறவர்கள் "வாங்குபவரே எச்சரிக்கை" என்ற கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். 1930-ம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம் 41-வது பிரிவில் பொருளைப் பரிசோதிக்கும் உரிமையையும் வாங்குபவருக்குக் கொடுக்கிறது. அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஸ்கூட்டரில் எதை அள்ளிப் பார்ப்பது? வெளியே தெரியாத பொருளுக்கு எழுத்தில் உள்ள தகவல்தான் பரிசோதனை.

ஒரு எதிர்வாதம் வரும். கடைசியில் பரிசோதித்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது, செய்யும்போதே தரம் வர வேண்டும் என்று டெமிங் சொல்லவில்லையா? சொன்னார். அவர் பெயரில் உள்ள ஜப்பானியப் பரிசை 2002-ல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் வாங்கவும் செய்தது. ஆனால் ஓட்டிப் பார்ப்பதை ஆடிட்டோடு ஒப்பிடுங்கள். ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, கணக்கையும் அவர் எழுதுவதில்லை. அதற்காக ஆடிட் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

ஓட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஓலா ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அடுத்த மாதம் 1,441 ஸ்கூட்டர்களைச் சோதனைக்காகத் திரும்பப் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது. பேட்டரிக்குள் இருக்கும் குறை இருபது நிமிட ஓட்டத்தில் தெரிந்துவிடாது. அதனால்தான் எது சோதிக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். வண்டியைப் பதிவு செய்யும்போது டீலர் படிவம் 21 கொடுக்கிறார். உற்பத்தியாளரின் படிவம் 22-ம் வருகிறது. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், செய்த மாதம், கலர் என்று என்னென்னவோ எழுதியிருக்கும். மீட்டர் கணக்குக்கு மட்டும் இடமில்லை. படிவம் 21-ல் இரண்டே வரி சேர்த்தால் போதும்: தொழிற்சாலையை விட்டு வந்தபோது இத்தனை கிலோமீட்டர், டெலிவரியின்போது இத்தனை கிலோமீட்டர்.

செலவு? இரண்டு எண்களை எழுதும் மை. "கிலோமீட்டரைக் காட்டினால் கஸ்டமர் தள்ளுபடி கேட்பார்" என்று டீலர்கள் முணுமுணுக்கலாம். கேட்கட்டுமே! 20 கிலோமீட்டர் பரிசோதனை ஓட்டம் என்றால் "உங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். 600 கிலோமீட்டர் ஓடியிருந்தால் தள்ளுபடி கொடுப்பதுதானே நியாயம்?

பால் ஊற்றுகிறவரும் காய்கறி விற்கிறவரும் மாதத் தவணை கட்டி மொபெட் வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது வண்டி மட்டும் இல்லை, பிழைப்பு. அந்த வண்டியை முதலில் ஓட்டியவர் யார், எதற்கு ஓட்டினார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சட்டம் அந்த இரண்டு வரிகளைச் சேர்க்கும்வரை, மீட்டர் எண்ணை டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருகிறவரிடம் 20 கிலோமீட்டர் ஓடிய வண்டியைத் தைரியமாக வாங்கலாம். எழுதித் தர மறுக்கிறவரிடம் பூஜ்யம் காட்டும் வண்டியைக்கூட வாங்காதீர்கள்.