ஏசியோ இல்லாவிட்டால் இசை எழுத முடியாதா?

திருவனந்தபுரத்தில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நாற்குரல் ஸ்கோர் எழுதத் தொடங்குகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஏசியோ டிரைவர் போடுங்கள்" என்பதுதான். மியூஸ்ஸ்கோரோ சிபேலியஸோ, எந்த ஸ்கோர் மென்பொருளுக்கும் அதே மருந்து.

ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோ என்ற ஒலி டிரைவர் முறையைக் கொண்டுவந்தது, பாடுவதையும் வாசிப்பதையும் குறைந்த தாமதத்தில் பதிவு செய்வதற்காக. எழுதிய ஸ்கோரை பிளே அழுத்திக் கேட்கிறவருக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர், அதாவது ஒலியை இடையில் சேர்த்துவைக்கும் இடம், 1024 சாம்பிள் என்றால் தாமதம் சுமார் 23 மில்லிசெகண்ட். விண்டோஸின் சொந்த ஒலி முறையான வசாபி போதும். மிடி கீபோர்டில் வாசித்து ஸ்வரங்களை ஏற்றுகிறவர்தான் பஃபரை 256, 128 என்று இறக்க வேண்டும்.

ஒலியில் வரும் கரகரப்புக்கும் இதே ஏசியோ மருந்தைச் சொல்கிறார்கள். பஃபரை அளவுக்கு மீறி இறக்கியதே பலருக்குக் கரகரப்பின் காரணம், ஏற்றிவிட்டால் அடங்கும். லேப்டாப்பின் மின்சேமிப்பு முறையும் ஒரு காரணம். சுருதியே விலகினால் சாம்பிள் ரேட்டைப் பாருங்கள். 44,100-இல் ஆக்கிய ஒலியைச் சாதனம் 48,000-இல் அப்படியே ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும். புளூடூத் ஹெட்போனின் தாமதத்தை எந்த டிரைவரும் போக்காது; வயர் ஹெட்போனுக்கு மாறுங்கள்.

அடுத்தது, சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத ஒலி அட்டைக்குப் போடச் சொல்லும் ஏசியோ4ஆல். அது உங்கள் ஒலி அட்டைக்கென்று எழுதிய டிரைவர் அல்ல, விண்டோஸ் டிரைவருக்கு மாட்டிய முகமூடி. அது சாதனத்தைத் தன்வசப்படுத்திக்கொண்டால் யூடியூப் ஊமையாகும்; ஒலி அட்டை பழுது என்று கடைக்கு ஓடுவார்கள்! யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் அதைத் தயாரித்தவர் தரும் ஏசியோவைப் போடுவது சரி. அதில் எனக்கு மறுப்பில்லை.

"லினக்ஸில் ஏசியோ இல்லை, அதனால் இசை எழுத முடியாது" என்பதை இந்த ஊரில் கேட்கும்போதுதான் வியப்பு. 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கிய ஊர் இது. இங்கே பூஜப்புரையில் இருக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்கு லினக்ஸைக் கொடுத்துவருகிறது. லினக்ஸில் ஒலிக்கென்று ஆல்சா உண்டு, ஜாக் உண்டு, உபுண்டு 22.10 முதல் பைப்வயரே இயல்பாக வருகிறது. மியூஸ்ஸ்கோர் அதில் நன்றாகவே ஓடுகிறது.

ஒலி வரவில்லையா? மென்பொருளில் எந்த வெளியீட்டுச் சாதனம் தேர்வாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு சாம்பிள் ரேட், அதன்பின் பஃபர். டிரைவரைத் தேடிப் போவது கடைசி வேலையாக இருக்கட்டும்.