'வாங்கம்மா' என்று சொல்லவும் பாடம் வேண்டும்!

திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2013-ல். நம்ம ஊரிலேயே டாக்டர்கள் உருவாகிறார்களே என்று பூரித்துப் போனவர்களில் நானும் ஒருத்தி. எலும்பு, நரம்பு என்று எல்லாம் படிக்கும் இந்தப் பிள்ளைகள், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்பதையும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

காரணம் இருக்கிறது. வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு என் மாமியாரை அழைத்துப் போயிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு மலைக் கிராமத்துப் பெண் வந்திருந்தாள். பயிற்சி டாக்டர் எடுத்த எடுப்பில், "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தே? பச்சிலை கிச்சிலை குடுத்தியா?" என்று அதட்டினார். அவள் தலையைக் குனிந்தபடி "இல்லீங்க" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "குடுத்தேங்க்கா. சொன்னா திட்டுவாங்க" என்றாள். நான் போய் நர்ஸம்மாவிடம் சொன்ன பிறகுதான் டாக்டருக்கே விஷயம் தெரிந்தது. பார்த்தீர்களா? ஒரு அதட்டல், வைத்தியத்துக்கு வேண்டிய உண்மையையே மறைத்துவிட்டது!

மருத்துவப் படிப்பில் 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில், நோயாளியிடம் பேசும் முறையையும் சேர்த்திருக்கிறார்கள். 2022 முதல் ஒவ்வொரு மாணவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், பஸ் வசதியுள்ள ஊராகப் பார்த்துப் போய், பிரஷர் பார்த்து, நோட்டை நிரப்பிவிட்டு வந்தால் என்ன பிரயோஜனம்?

ஜமுனாமரத்தூர் பக்கம் மலையாளிப் பழங்குடியினர் வாழும் கிராமங்களில் மாணவர்கள் சில நாட்களாவது தங்க வேண்டும். வீட்டில் முடிவெடுப்பது யார், பிரசவத்தின்போது யார் பக்கத்தில் இருந்தால் தைரியம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, 'நாளைக்கு வா' என்றால் ஒரு நாள் கூலி போகுமே என்பதெல்லாம் அங்கே போனால்தான் புரியும். இதைச் சொல்லிக்கொடுக்க அந்த ஊர்ப் பாட்டிமார்களையே, உரிய சம்பளம் கொடுத்து, கல்லூரிக்கு அழைக்கலாம்.

நடக்காத காரியமல்ல. பக்கத்துத் தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதியர் 1993-ல் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி தந்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். அங்கே குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் ஆதிவாசிப் பெண்களே நர்ஸ்களாக இருக்கிறார்கள். தங்கள் பாஷை பேசும் ஒரு முகம் இருந்தால் பயம் பாதி போய்விடும் அல்லவா? நியூசிலாந்தில் மாவோரி பழங்குடியினரை மனதில் வைத்து, 1992-லேயே நர்ஸ் படிப்பில் இதைப் பாடமாக்கிவிட்டார்கள்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற சகோதரிகளே! லீவுக்கு வரும்போது மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "வயசுல பெரியவங்களை, ஏழைப்பட்டவங்களை 'வாங்க, போங்க'ன்னு கூப்பிடறியா?" என்றும் கேளுங்கள். கல்லூரி கற்றுத் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லையே!

- ஒரு வாசகி, திருவண்ணாமலை.