கப்பலுக்குச் சாட்சி யார்?

வெள்ளைக்காரர் வாங்கியதால்தான் அன்னபூரணி அம்மாளுக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமா என்று நம்மவர்கள் கொதிக்கிறார்கள். நானும் கொதித்தவன்தான்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தம் மனைவி புளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளோடு அது 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசசூசெட்ஸின் கிளஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கே பத்திரிகைகள் எழுதின. சான்று கிடைத்தது, தகுதியும் வந்தது.

அதே வல்வையிலிருந்து ரங்கூனுக்கு வந்து அரிசி ஏற்றிப்போன மற்றக் கப்பல்கள்? நான் குடியிருக்கும் தின்கன்ஜூனிலிருந்து அந்த ஆற்றுத்துறை ஒரு டாக்சி தூரம். யாழ்ப்பாணத்து உலையில் வெந்தது இந்தக் கரையின் அரிசி. அவற்றுக்குப் பதிவு எழுத உட்கார்ந்தால் மேற்கோள் காட்ட ஒரு வரி கிடைப்பதில்லை.

ஆனாலும் விக்கிப்பீடியாவின் விதியைத் திட்டமாட்டேன். தரவுகளோடு பிழைப்பவன் நான். 'எங்கள் தாத்தா சொன்னார்' என்பதைச் சான்றாக ஏற்றால் நாளை எந்தப் புளுகும் உள்ளே வரும். விதி கேட்பது, சம்பந்தமில்லாத ஒருவர் சரிபார்த்து வெளியிட்ட எழுத்து. நாம் எழுதாதது ராபின்சனின் குற்றமா? டொராண்டோவிலும் லண்டனிலும் ஊர்ச்சங்க மலர் போடுகிறோம். பாதி வாழ்த்துச் செய்தி, மீதி நகைக்கடை விளம்பரம். தண்டையல் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சரக்குச் சீட்டும் கணக்குக் கொப்பியும் எத்தனை அச்சேறின?

பெட்டியைத் திறவுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ரங்கூன் பக்கத்துத் தாள்களைத் தேடுவது என் பொறுப்பு.