எண்ணெய்க்கோலும் அதன் குழாயும்

எங்கள் வீட்டுப் பழைய காரின் அடியில் சில நாள்களாகக் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். சற்றுத் தொலைவு ஓட்டி வந்து நிறுத்தினால் பானெட்டின் இடுக்கிலிருந்து எண்ணெய் கருகும் நாற்றமும் எழுந்தது. பட்டறையொன்றில் காட்டினோம். 'எஞ்சினில் பெரிய வேலை இருக்கிறது, விட்டுவிட்டுப் போங்கள்' என்றார்கள். என்ன வேலை என்ற கேள்விக்கு விடை வரவில்லை; மதிப்பீட்டுத் தாள் மட்டும் வந்தது. வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டோம்.

பழுது டிப்ஸ்டிக் குழாயில் இருந்தது. டிப்ஸ்டிக் என்பது எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்க உருவியெடுக்கும் மெல்லிய கோல். (எண்ணெய்க்கோல் என்று நாங்கள் சொல்லிப் பார்க்கிறோம், நாவுக்கு உறுத்தவில்லை.) அக்கோல் இறங்கிச் செல்லும் குழாயை யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் காரில் அதன் மேற்பகுதி ஒரு போல்ட்டால் எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருந்தது. கீழ்முனை ஒரு ரப்பர் வளையத்துடன் எஞ்சினின் உடலிலுள்ள துளைக்குள் பொருந்தியிருந்தது. வளையம் வெப்பத்தில் காய்ந்து இறுகினாலோ, குழாய் துருவேறி விரிசல் கண்டாலோ ஆயில் கசியும். கசிந்தது சூடான சைலன்சர் குழாயின்மேல் பட்டால் கருகும். பெரிய வேலை என்று சொல்லப்பட்டது இவ்வளவே.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பின்பே கை வைத்தோம். கோலை உருவிவிட்டு முதலில் குழாயின் அடியைச் சுற்றித் துடைக்க வேண்டும். இல்லையேல் குழாயை இழுத்ததும் அங்கு அப்பியிருக்கும் மண் துளை வழியே ஆயிலில் போய் விழும். பிறகு போல்ட்டைக் கழற்றி, குழாயை இருபுறமும் மெல்லத் திருகியபடி மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துருவேறிய குழாய் துளையின் வாயிலேயே முறியும். எங்களுக்கு முறிந்தது. அப்போது பட்டறைக்காரரின் முகம் நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை. மரை வெட்டும் டாப் ஒன்றில், உலோகச் சீவல்கள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளும்படி கிரீஸை அப்பி, முறிந்த துண்டுக்குள் திருகி ஏற்றி, அதையே பிடியாகக் கொண்டு இழுத்தோம். துண்டு வெளிவர ஒரு பிற்பகல் ஆயிற்று.

புதுக் குழாயைப் பொருத்துவது எளிது; ஆனால் பிழை நேர்ந்தால் விளைவு கடுமையானது. வளையத்தில் சிறிது ஆயில் தடவி, குழாய் முழு ஆழமும் இறங்கும்வரை அழுத்த வேண்டும். குழாய் அரை அங்குலம் மேலே நின்றுவிட்டால் கோலும் அரை அங்குலம் மேலே நிற்கும். உள்ளே போதுமான ஆயில் இருந்தும் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால், சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எஞ்சினைக் காக்காது.

நிற்க. புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஸ்பேனர் எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். மேத்யூ கிராஃபோர்டை அவர்கள் படிக்க வேண்டும். அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தியவர். 2009இல் வெளிவந்த 'ஷாப் கிளாஸ் அஸ் சோல்கிராஃப்ட்' என்னும் நூலில், சில மெர்சிடிஸ் கார்களில் டிப்ஸ்டிக்கே இல்லை என்பதைச் சுட்டி, நம் பொருளின்மேல் நமக்குள்ள பொறுப்பு எங்கே போயிற்று என்று வினவுகிறார். பி.எம்.டபிள்யூ. நிறுவனமும் 2000களின் நடுவிலிருந்து பல எஞ்சின்களில் கோலை நீக்கி, மின்னணு உணரியை வைத்தது.

உணரி வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்தே பாராதவர்களையும் அது எச்சரிக்கிறது. அதனால் தப்பிய எஞ்சின்கள் இருக்கும். ஆனால் அளவை மட்டும் காட்டும் உணரி கோலுக்கு ஈடாகாது. கோலின் நுனியில் ஆயில் பால்காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஐயுறலாம். பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் உள்ளே இறங்குகிறது. விரலிடையில் தேய்க்கையில் நெருடினால் உலோகத் துகள் இருக்கக்கூடும். நிறமும் மணமும் நெருடலும் அளவு காட்டும் திரையில் வாரா. இரண்டையும் வைத்தால் தயாரிப்பாளருக்கு ஆகும் செலவு ஒரு கம்பியும் ஒரு குழாயும்தான். அதைக்கூட மிச்சம் பிடித்து, பார்க்கும் உரிமையை உடைமையாளரிடமிருந்து எடுத்துக்கொள்வதை நாங்கள் முன்னேற்றமாக ஏற்க மாட்டோம்.

எல்லாப் பழுதையும் வீட்டிலேயே பார்க்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். பிரேக்கில் நாங்கள் கை வைப்பதில்லை. அதற்குத் தெரு முனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். முறிந்த துண்டை அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இழுப்பதற்கு முன் துருவிளக்கி எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்திருக்கலாமே என்றார்.