தேசவழமையைச் சாட்சிக்கு அழைப்போரே!

சீதனப் பேரத்தை எவரேனும் கண்டித்தால், நம்மவர் உடனே தேசவழமையைத் துணைக்கழைப்பர். "முன்னோர் வகுத்த வழக்கம், அதில் கைவைக்க நீர் யார்?" என்பர். நன்று. அந்நூலையே கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் நம் வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டுச் சரியென்றனர். (அப்பன்னிருவருள் பெண்ணொருத்தியும் இல்லை.) 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதன் தொடக்கத்திலேயே காண்பது யாது? பண்டு கணவன் கொணர்ந்த முதுசொம் ஆண்மக்களுக்கும், மனைவி கொணர்ந்த சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. போர்த்துக்கேயர் காலத்தில் அம்முறை மாறிற்று என்பதாகும். வழக்கம் மாறாதது என்போர் அழைத்த சாட்சியே, அது மாறியதென்று சொல்லுகின்றது!

அந்நூல் கூறும் சீதனம் மகளின் பங்கு. அதைப் பெற்றவள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோர இயலாது. அது சகோதரரைச் சேரும். ஆதலின் வளவும் தோட்டக்காணியும் அவள் பெயருக்கே எழுதப்பட்டன. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் காணி கைமாற நொத்தாரிசு முடித்த உறுதி இன்றியமையாததாயிற்று.

மாப்பிள்ளைக்குச் சந்தை ஏற்பட்டது அந்த நூற்றாண்டிலேதான். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி நிறுவினர். ஆங்கிலக் கல்வி பரவியது. கச்சேரி உத்தியோகம் கிடைத்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்குக் கப்பலேறினர். மாதச் சம்பளக்காரன் அருமையான சரக்கானான். மகனைப் படிப்பித்த செலவைப் பெண்வீட்டாரிடம் வட்டியுடன் அறவிடலாம் என்ற கணக்கு, ஐசாக்ஸ் எழுதிய ஏட்டில் எங்கே இருக்கிறது?

அதற்கு 'டொனேஷன்' என்று மானமான பெயர் வேறு! மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குச் செல்லும் காசு அது. பலவேளை அவன் தங்கையின் டொனேஷனாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும். புகையிலைத் தோட்டத்தை ஈடுவைத்தவன் வட்டி கட்டுகிறான். கடல் கடந்து உழைக்கும் தமையன், தங்கைமாரைக் கரையேற்றுமுன் தலைநரைக்கிறான். மணப்பெண்ணுக்கோ அக்காசில் சதமும் சொந்தமில்லை.

நாம் சட்டத்தொழில் புரிபவர். சீதன உறுதிகள் பல நம் கையால் சென்றுள்ளன. பரப்பும் குழியும், நாற்புற எல்லையும், கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் பிசகாது எழுதப்பட்டிருக்கும். மாமனார் மடியில் வாங்கிக் கட்டிய காசைப்பற்றி ஒரு வரியும் இராது. நியாயமான காசாயின் எழுத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும்? எழுதிய காணியில்கூட அவள் முழு அதிகாரி அல்லள். கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதை விற்கலாகாதென 1911ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்திற்று. அக்கட்டு நீங்குதற்கு வாதாடவேண்டியவர்களும் நம் தொழிலாரே.

1961இல் இந்தியா சீதனத்தைச் சட்டத்தால் தடுத்தது. பேரம் ஆங்கு ஒழியவில்லை. ஆகவே தடைச்சட்டம் ஒன்றையே நாம் நம்பியிருக்கவில்லை. அடுத்த பேச்சுக்காலில் டொனேஷன் கேட்கப்படுமாயின், பெண்ணின் தந்தை ஒன்றே சொல்லட்டும்: "தருவோம், அத்தொகையும் மகளின் பெயரிலேயே உறுதியில் ஏறும்." அதை எழுத மறுக்கும் நொத்தாரிசும், எழுதவிடாத சம்பந்தியும் யார் யார் என்பதை ஊர் அறியட்டும்.